கண்டிப் பக்கம் குடும்பத்தோடு வீடு தேடுகிறீர்களா? கிலோமீற்றரைப் பார்க்காதீர்கள், வாசலைப் பாருங்கள்

[திரையில்: கண்டியின் வரைபடம். மகாவலி மட்டும் நீல நிறத்தில்.]

வணக்கம். வாடகை வீட்டு விளம்பரங்களில் "கண்டிக்கு 8 கிலோமீற்றர்" என்று போட்டிருப்பார்கள். அந்த எட்டு கிலோமீற்றர் எந்தப் பக்கத்து எட்டு என்பதை யாரும் சொல்வதில்லை. பிள்ளைகளோடு குடியேறும் குடும்பம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

வரைபடத்தைப் பாருங்கள். மகாவலி கண்டி டவுனை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. மிச்சப் பக்கத்தில் ஹந்தானை மலை. அதனால் வெளியிலிருந்து வருகிற வாகனமெல்லாம் ஒருசில வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைய முடியும். மேற்கே பேராதனை, கெட்டம்பே வழி. வடக்கே கட்டுகஸ்தோட்டைப் பாலம். கிழக்கே தென்னகும்புர பாலம். தெற்கே அம்பிட்டிய, ஹந்தானைப் பக்கத்துச் சின்ன ரோட்டுகள்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1998 ஜனவரி குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு தலதா மாளிகைக்கு முன்னால் போகும் ரோட்டில் வாகனங்களை விடுவதில்லை. கிழக்கிலிருந்து வருபவர்கள் ஏரியைச் சுற்றித்தான் டவுனுக்குள் வர வேண்டும். காலையில் பாலம் வரை நன்றாக ஓடி வந்த பஸ், ஏரிக்கரையில் ஊர்ந்துகொண்டு நிற்பது இதனால்தான்.

ஆகவே எங்கள் முதல் விதி இது: வீடு, வேலை, பாடசாலை மூன்றும் டவுனைக் குறுக்கே கடக்காமல் அமைய வேண்டும். அம்மாவுக்குப் பேராதனை ஆஸ்பத்திரியில் வேலை, பிள்ளைக்குக் கட்டுகஸ்தோட்டையில் பாடசாலை, வீடு குண்டசாலையில் என்று வைத்துக்கொள்வோம். வாடகை குறைவாக இருக்கலாம். ஆனால் ஒரே காலையில் இரண்டு பேர் இரண்டு திசையில் போக வேண்டும், அம்மா டவுனையே தாண்ட வேண்டும். அதே குடும்பம் கெலிஓயாவிலோ பிலிமத்தலாவையிலோ இருந்தால் அம்மாவின் பயணம் டவுனைத் தொடாது. தூரம் போக வேண்டியது பிள்ளை மட்டும்தான், அதற்கும் வேன் பிடித்துவிடலாம்.

[திரையில்: காலை 6.45, பாடசாலை வேன்கள் வரிசையாக.]

நேரத்தைப் பற்றிச் சொல்கிறோம். பாடசாலை 7.30க்குத் தொடங்குகிறது. கண்டியின் பெரிய பாடசாலைகள் பல டவுனுக்குள்ளேயும் அதை ஒட்டியும் இருப்பதால் 6.30இலிருந்து 7.30 வரை எல்லா வாசலும் அடைத்துக்கொள்ளும். அது தணிவதற்குள் 8.30 அலுவலகக் கூட்டம் வந்துவிடும். பகல் 1.30க்குப் பாடசாலை விட்டதும் இன்னொரு தடவை நெரியும். எசல பெரஹராக் காலத்தில் பின்னேரமானால் டவுன் ரோட்டுகளை மூடிவிடுவார்கள். வருடத்தில் அந்தச் சில நாட்களுக்கு வேலையிலிருந்து எப்படித் திரும்புவது என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காரில் போய் வீட்டைப் பார்த்துவிட்டு "இருபது நிமிஷம்தான்" என்று முடிவெடுக்காதீர்கள். பாடசாலை நடக்கும் ஒரு திங்கட்கிழமை, வீட்டு வாசலிலிருந்து வேலை மேசை வரை, தினமும் போகப்போகிற அதே பஸ்ஸில் போய்ப் பாருங்கள். ஐப்பசி மழையில் போனால் இன்னும் நல்லது. அன்றைக்கு ஆகிற நேரம்தான் உண்மையான நேரம். பின்னேரம் திரும்பும்போது கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடமே கேளுங்கள். பிரதான ரோட்டில் இரவிலும் பஸ் கிடைக்கும் இடங்களில்கூட, கிளை ரோட்டுக்குள் போகும் பஸ் நேரத்தோடு நின்றுவிடும். அதன் பிறகு ஆட்டோதான். மாதச் செலவுக் கணக்கில் அதையும் எழுதுங்கள்.

ரயிலை நம்பலாமா என்று பலர் கேட்பார்கள். கம்பளை, கெலிஓயாப் பக்கமும், வத்தேகம, மாத்தளைப் பக்கமும் ரயில் பாதை இருக்கிறது. சீசன் டிக்கெட் எடுத்தால் செலவு குறைவு, ரோட்டு நெரிசலும் கிடையாது. ஆனால் ஒரு ரயிலை விட்டால் அடுத்தது உடனே வராது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலையக ரயில் பாதை பல இடங்களில் சேதமானது. அதனால் பழைய நேர அட்டவணையை வைத்து வீடு எடுக்காமல், ஸ்டேசனுக்கே போய் இன்றைக்கு எந்த ரயில் ஓடுகிறது என்று கேளுங்கள். பஸ்ஸும் இருக்கிற இடத்தில் ரயில் கூடுதல் வசதி. ரயிலை மட்டும் நம்பி வீடு எடுப்பதை நாங்கள் சொல்ல மாட்டோம்.

"ஹைவே வரப்போகுது" என்று விலையை ஏற்றுகிற தரகர்களும் உண்டு. வந்து முடிந்த பாதைக்கு மட்டும் காசு கொடுங்கள்.

[திரையில்: பிரதான ரோட்டிலிருந்து மேலே ஏறும் கொங்கிரீட் பாதை.]

இனி ஏற்றம். மலைநாட்டில் வீடு தேடுபவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். "பஸ் ரோட்டிலிருந்து 400 மீற்றர்" என்றால் தட்டையான நிலத்தில் ஐந்து நிமிடம். மலையில் ஒவ்வொரு 10 மீற்றர் உயரத்துக்கும் ஒரு நிமிடம் கூட்ட வேண்டும். வீடு ரோட்டிலிருந்து 60 மீற்றர் மேலே இருந்தால் பதினொரு நிமிடம் ஆகும். புத்தகப் பையோடு ஆறு வயதுப் பிள்ளைக்கும், முழங்கால் வலியுள்ள அம்மாச்சிக்கும் அதைவிடக் கூடும். பாடசாலை வேன் அந்த ஏற்றத்தில் வருமா என்று வேன்காரரிடமே கேளுங்கள். பல பேர் பிரதான ரோட்டில் நின்றுதான் பிள்ளையை ஏற்றுவார்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் கேட் வரை ஏற முடியுமா? முடியாவிட்டால் நோயாளியை எத்தனை படி தூக்கி இறக்க வேண்டும்? வயதானவர்கள் உள்ள வீட்டில் இந்தக் கேள்வியை விடவே கூடாது. பேராதனையில் போதனா வைத்தியசாலையும் சிறுவர் வைத்தியசாலையும் இருப்பதால், அடிக்கடி சுகமில்லாமல் போகிற சின்னப் பிள்ளை உள்ள வீட்டுக்கு மேற்குப் பக்கம் வசதி.

மேலே உள்ள வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் ஏறுமா என்பதும் ஏற்றத்தின் கணக்குத்தான். வீடு பார்க்கப் போகும்போது காலை ஆறரைக்கு, ஊரே தண்ணீர் பிடிக்கும் நேரத்தில், குசினிக் குழாயைத் திறந்து பாருங்கள். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு நாளைக்குச் சுமார் 500 லீற்றர் வேண்டும். 1000 லீற்றர் தாங்கி இருந்தால் இரண்டு நாள் தாக்குப்பிடிக்கலாம்.

[திரையில்: வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்மேடும் தடுப்புச் சுவரும், மிக அருகில்.]

இப்போது சொல்லப்போவதை மட்டும் தயவுசெய்து இரண்டு தடவை கேளுங்கள். வீட்டுக்குள் போவதற்கு முன் பின்பக்கம் போங்கள். மலையை வெட்டித் தட்டையாக்கிய இடத்தில்தான் பல வீடுகள் நிற்கின்றன. பின்னால் வெட்டிய மண், முன்னால் கொட்டி நிரப்பிய மண். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிவதற்குச் சுமார் ஒன்றரை மீற்றருக்கு ஒரு துளை இருக்க வேண்டும். அந்தத் துளைகள் மண்ணால் அடைத்துப் போயிருந்தால் மழைத் தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்கும், பாரம் கூடும், சுவர் வயிறு தள்ளும். வயிறு தள்ளிய சுவரைப் பூசி, பெயின்ட் அடித்து மறைப்பார்கள். ஒரு நூலைச் சுவரின் இரு முனையிலும் பிடித்து நடுவில் பாருங்கள், தெரிந்துவிடும்.

முற்றத்தில் சரிவுக்குக் குறுக்கே ஓடும் வெடிப்பு, ஒரு பக்கம் சாய்ந்த லைட் கம்பமும் மரங்களும், இறுகிப் பூட்ட முடியாத கதவு, முன்பு இல்லாத இடத்தில் திடீரென்று கசியும் கலங்கல் ஊற்று. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாய வரைபடம் இருக்கிறது. வாங்குகிற வீடானால் அவர்களின் அறிக்கையைக் கேளுங்கள். வாடகையானால் கிராம உத்தியோகத்தரிடம் அந்த இடத்துக்கு முன்பு வெளியேற்ற அறிவித்தல் வந்ததா என்று விசாரியுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் தயார் நிலை, 150 என்றால் வெளியேற வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்த மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நம் சனம் மறக்கவில்லை. மலைச்சரிவுக்குப் பயந்து கீழே இறங்கி ஆற்றங்கரையில் வீடு எடுப்பவர்கள், கம்பளை, கெலிஓயாத் தாழ்நிலங்களில் வெள்ளம் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்துச் சுவர்களில் உள்ள கறையைப் பாருங்கள்.

[திரையில்: முதலாம் தர விண்ணப்பப் படிவம்.]

பாடசாலை. முதலாம் தர அனுமதியில் பாதி இடங்கள், அதாவது 50 வீதம், அருகில் வசிப்பவர்களுக்கு. பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு 25, சகோதரர் படிப்பதற்கு 15 வீதம். அருகில் வசிப்பதற்குப் புள்ளி போடும்போது வாக்காளர் இடாப்பில் ஐந்து வருடப் பதிவையும் பார்ப்பார்கள். நீங்கள் கேட்கும் பாடசாலையைவிட வீட்டுக்குக் கிட்ட, பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு அரச பாடசாலை இருந்தால், ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறையும். அந்தப் பாடசாலையில் தமிழ் மொழிமூலம் இருக்கிறதா, எந்தத் தரம் வரை என்பதை அதிபர் அலுவலகத்திலேயே கேளுங்கள். கண்டிக்குள்தான் படிக்க வேண்டும் என்றில்லை. மாத்தளையில் பாக்கியம், நாவலப்பிட்டியில் கதிரேசன், கம்பளையில் சாஹிரா போன்ற பாடசாலைகள் இருக்கின்றன. பெற்றோரில் ஒருவர் மட்டும் கண்டிக்குப் போய் வந்து, பிள்ளைகள் ஊரிலேயே நடந்து பாடசாலை போவது பல குடும்பங்களுக்கு நல்ல தீர்வு.

வீட்டைப் பேசி முடித்தால் முற்பணம் எத்தனை மாதத்துக்கு, தடுப்புச் சுவரோ தண்ணீர் மோட்டாரோ பழுதானால் யார் செலவு, இடையில் விட்டுப் போனால் முற்பணம் எவ்வளவு திரும்பும் என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். தண்ணீர், லைட் பில்களின் கடைசிப் பற்றுச்சீட்டை வாங்கிப் பார்க்காமல் சாவியை வாங்காதீர்கள். குடிபோன கிழமையே கிராம உத்தியோகத்தரிடம் போய்க் குடும்பத்தைப் பதியுங்கள், வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்க்கும் படிவத்தையும் அப்போதே கேட்டு நிரப்பிக் கொடுங்கள். அந்த இடாப்பில் பெயர் ஏறிய பிறகுதான் பிள்ளையின் ஐந்து வருடக் கணக்கு ஓடத் தொடங்கும்.