நேயர் கேள்வி: ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒரு நாள் சைக்கிள் பயணம்

அடுத்த கேள்வி. அலுவலக வேலையாக ஆம்ஸ்டர்டாம் செல்லவிருக்கும் நேயர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சைக்கிளிலேயே கழிக்க விரும்புகிறார். டச்சு மொழி தெரியாமல் வழி பிடிபடுமா, பழக்கமில்லாத உடம்பு ஐம்பது கிலோமீட்டர் தாங்குமா என்று கேட்டிருக்கிறார்.

வழி எளிது. அந்நாட்டில் சைக்கிள் பாதைகள் கூடும் இடங்களுக்கு எண் கொடுத்து, வெள்ளைப் பலகையில் பச்சை நிறத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் கடக்க வேண்டிய எண்களை வரிசையாக ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு சந்திப்பிலும் அடுத்த எண்ணுக்குரிய அம்புக்குறியின் பக்கம் திரும்பினால் போதும். பக்கத்து நாடான பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் 1990களில் சுரங்கப் பொறியாளர் ஒருவர் வகுத்த முறை இது. கைபேசியில் வழி பார்ப்பதானால் அதைக் கைப்பிடியில் பொருத்திவிடுங்கள். கையில் பிடித்தபடி ஓட்டுவது 2019 ஜூலை முதல் அபராதத்துக்குரியது.

இனி தூரம். ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே வாட்டர்லாந்து என்னும் பகுதி முழுவதும் சமதரை. மேடு என்று சொல்ல அணைக்கரையின் ஏற்றம் மட்டுமே உண்டு. களைப்பைத் தருவது காற்று. அங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்தே காற்று வீசும் என்பதால், வடகிழக்காகப் போகும்போது அது முதுகைத் தள்ளிக்கொண்டு வரும். அந்த வேகத்தை நம் கால் வலிமை என்று நம்பி வெகுதூரம் போய்விடுபவர்கள்தாம் திரும்பும்போது திணறுகிறார்கள்.

ஆகவே, தென்மேற்குக் காற்று வீசும் நாளில் நான் சொல்லும் வழி இது: மத்திய ரயில் நிலையத்தின் பின்புறம் புறப்படும் இலவசப் படகில் சைக்கிளோடு வடகரைக்குச் சென்று, டுர்கர்டாம், அவுட்டாம் ஊர்கள் வழியாக அணைக்கரையை ஒட்டி மார்கனுக்குப் போங்கள். வலப்பக்கம் விரியும் நீர் முன்பு கடலாக இருந்தது. 1932இல் முப்பத்திரண்டு கிலோமீட்டர் நீள அணை ஒன்று வடக்கே அதை அடைத்த பிறகு நன்னீர் ஏரியாகிவிட்டது. கரை சில இடங்களில் காரணமின்றி வளைவதுபோல் தோன்றும். பழைய வெள்ளத்தில் உடைந்த இடம் ஆழமான மடுவாகிவிட்டதால், அதைச் சுற்றிக் கரையை மறுபடி கட்டிய தடம் அது. மார்கனும் தீவாகவே இருந்து, 1957இல்தான் சாலையால் நிலத்தோடு இணைந்தது. அங்கிருந்து வோலெண்டாமுக்குச் செல்லும் படகில் சைக்கிளை ஏற்றலாம். குளிர்காலமாயின் படகு நேரத்தை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

திரும்பும்போது அணைக்கரை வேண்டாம். மொனிக்கெண்டாம் வழியாக உட்புறப் பாதையில் வந்தால், வீடுகளும் மரங்களும் எதிர்க்காற்றை ஓரளவு தடுக்கும். வடகிழக்குக் காற்று அடித்தால் இதே சுற்றைத் தலைகீழாகத் தொடங்குங்கள்.

நம் ஊர்ப் பழக்கத்துக்கு மாறானவை இரண்டு. அங்கே வலப்பக்கமாகவே ஓட்ட வேண்டும். வாடகைச் சைக்கிள்கள் பலவற்றில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். ஆகையால் கடையின் முன்பாகவே சிறிது ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள். சாலையில் முக்கோணங்கள் வரைந்திருந்து அவற்றின் முனை உங்களை நோக்கினால், நின்று வழிவிட வேண்டியவர் நீங்கள்.

நடுவில் முடியாமல் போனால், வோலெண்டாமை அடுத்துள்ள எடாம் ஊரிலிருந்து பர்மரெண்ட் நகரம் அருகில்தான். அங்கே சைக்கிளுக்குத் தனிச்சீட்டு வாங்கி ரயிலில் ஏற்றிவிடலாம். வார நாட்களின் நெரிசல் நேரத்தில் உள்ள தடை ஞாயிற்றுக்கிழமை கிடையாது.