கதவைத் திறந்துவிட்டவர்கள்

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம்.

சர்வாதிகாரியை அரியணையில் ஏற்றுவது மக்களின் பசியும் பயமுமா, அதிகாரத்தில் இருப்போரின் கணக்கா என்பதே இன்றைய வழக்கு. அதிகாரத்தில் இருப்போரின் கணக்கே என்று எமது அணி சொல்கிறது.

எனக்கு முன் பேசிய சகோதரி, வேலையிழந்து பசித்த மக்களே ஹிட்லரைக் கொண்டுவந்தார்கள் என்றார்; அவரை ஆரவாரித்த கூட்டத்தையும் சாட்சியாகக் காட்டினார். பசியை நான் மறுக்கவில்லை. 2022இல் கொழும்பின் இதே வெள்ளவத்தையில் எரிவாயு சிலிண்டருக்காக விடியுமுன்னரே வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற ஐயா ஒருவர், "இந்த நாட்டுக்கு ஒரு ஹிட்லர்தான் சரி தம்பி" என்றார். அவர் கொடியவர் அல்லர். இரண்டு நாளாக அடுப்பெரியாத வீட்டிலிருந்து வந்தவர். ஆனால் அந்த யூலையில் நடந்தது என்ன? அத்தகைய வரிசைகளில் நின்று களைத்த மக்கள்தான் வீதிக்கு வந்து ஒரு ஜனாதிபதியைப் பதவி விலக வைத்தார்கள். பசி எந்தத் திசையிலும் போகக்கூடியது, சகோதரி.

இத்தாலியில் 1921 தேர்தலில் 535 ஆசனங்களுள் முசோலினியின் பாசிசவாதிகள் பெற்றவை 35. அவற்றையும் அப்போதைய பிரதமர் ஜொலித்தியின் கூட்டணிப் பட்டியலில் நின்றே பெற்றார்கள். 1922 ஒக்டோபரில் அவர்களது கருஞ்சட்டைப் படையினர் உரோமை நோக்கித் திரண்டபோது, இராணுவச் சட்டத்தைப் பிறப்பிக்கும் ஆணையை அரசாங்கம் தயாரித்தது. மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் கையொப்பமிட மறுத்தார். முசோலினி மிலானிலிருந்து இரவு இரயிலில் வந்து பிரதமரானார்.

ஜேர்மனியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1928இல் ஹிட்லரின் கட்சிக்கு 2.6 வீத வாக்குகள். பொருளாதாரம் சரிந்தபின், 1932 யூலையில் 37.3 வீதம். அது சிறிய தொகையல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே நவம்பரில் 33.1 வீதமாக இறங்கியது. ஏறத்தாழ இருபது இலட்சம் வாக்குகள் போய்விட்டன. மக்கள் கைவிடத் தொடங்கிய வேளையில் அவரைக் கைதூக்கிவிட்டவர் யார்? முன்னாள் சான்சலர், அதாவது முன்னாள் அரசாங்கத் தலைவர், பாப்பன், உதவிச் சான்சலர் பதவியைத் தனக்கு வைத்துக்கொண்டு, அமைச்சரவையில் நாசிகள் மூவரே இருப்பதால் அவர்களை அடக்கிவிடலாம் என்று நம்பி, தயங்கிய ஜனாதிபதி ஹின்டன்பேர்க்கை இணங்கவைத்தார். 1933 ஜனவரி 30ஆம் திகதி சான்சலர் பதவி ஹிட்லர் கைக்கு மாறியது.

அடுத்த மாதமே பாராளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே அவசரகால ஆணை வந்தது. பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, கடிதத்தின் இரகசியம் யாவும் ஒரே கையொப்பத்தில் போயின. அவசரகாலச் சட்டத்தோடு வளர்ந்த இந்தச் சபைக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. அதன்பின்பு, எதிர்க்கட்சியினரைச் சிறையிலிட்டு நடத்திய மார்ச் தேர்தலிலும்கூட ஹிட்லரின் கட்சி பெற்றது 43.9 வீதம்தான். சகோதரி காட்டிய அந்த ஆரவாரக் கூட்டமெல்லாம், வானொலியும் பத்திரிகையும் பள்ளிக்கூடமும் ஒருவர் கைக்குப் போனபின் பல்கிப் பெருகியது.

மார்ச் 23ஆம் திகதி, சட்டமியற்றும் அதிகாரத்தையே அரசாங்கத்திடம் ஒப்படைக்கும் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. சீருடைக் குண்டர்கள் மண்டபத்துக்குள்ளேயே நிற்க, சமூக சனநாயகக் கட்சியின் 94 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். ஆதரித்தவர்கள் 444 பேர். கத்தோலிக்க மையக் கட்சியினரும் அவர்களுள் அடக்கம். அந்த 444 பேரில் எத்தனை பேர் பசியோடு வந்தவர்கள் என்பதை எதிரணியின் அடுத்த பேச்சாளர் இந்தச் சபைக்குச் சொல்லட்டும்.