மேக்ஃபைலில் ஒளிந்திருக்கும் ஒரு ஸ்பேஸ்

வணக்கம் நண்பர்களே. திரையில் ஒரு மேக்ஃபைல் திறந்து வைத்திருக்கிறேன். புரோகிராமை பில்ட் செய்யும் மேக் என்ற கருவிக்கு, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஃபைல் இது. எழுத்து தெரிகிறதா பாருங்கள், இன்னும் கொஞ்சம் பெரிதாக்குகிறேன்.

டேப் பிரச்சினை பலருக்கும் தெரிந்ததுதான். மேக்ஃபைலில் ஓட்ட வேண்டிய கமாண்ட் இருக்கும் வரி டேப்பில் தொடங்க வேண்டும். எட்டு ஸ்பேஸ் வைத்தால் 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்' என்று நின்றுவிடும். 1976இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக்கை எழுதியபோது வந்த வழக்கம் இது. சில வாரத்திலேயே பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமென்று அவர் மாற்றாமல் விட்டுவிட்டார். இந்தப் பிழை பரவாயில்லை, வரி எண்ணோடு சொல்லிவிடுகிறது. வாயே திறக்காத ஸ்பேஸ்தான் எனக்குப் பயம்.

இந்த வரியைப் பாருங்கள். டிர் சமம் பில்ட், அப்புறம் ஒரு ஸ்பேஸ், அப்புறம் ஹேஷ் போட்டு ஒரு கமென்ட். கமென்ட்டை மேக் ஒதுக்கிவிடும். அதற்கு முன்னால் இருக்கும் ஸ்பேஸை ஒதுக்காது! அது வேரியபிளின் மதிப்போடு ஒட்டிக்கொள்ளும். இப்போது கீழே, பில்ட் செய்ததை அழிக்கும் பகுதியான கிளீன் டார்கெட்டுக்கு வாருங்கள். ஆர்எம் ஹைஃபன் ஆர்எஃப், அதாவது கேட்காமல் அழிக்கும் கமாண்ட், அப்புறம் டிர், ஸ்லாஷ், லிப். பில்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் லிப் அழியும் என்றுதானே நினைக்கிறோம்? கமாண்டை ஓட்டும் ஷெல்லுக்குப் போவது இரண்டு பாதைகள்: பில்ட் ஒன்று, ஸ்லாஷ் லிப் இன்னொன்று. ரூட்டாக, அதாவது எல்லா அனுமதியும் உள்ள பயனராக, ஓடினால் சிஸ்டத்தின் லிப்பே போய்விடும்.

நடக்காத விஷயம் இல்லை. 2011இல் லினக்ஸுக்கான பம்பிள்பீ என்ற கிராஃபிக்ஸ் மென்பொருளின் இன்ஸ்டால் ஸ்கிரிப்டில், அழிக்கும் கமாண்டில் ஸ்லாஷ் யூஎஸ்ஆருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் விழுந்திருந்தது. ஓட்டியவர்களின் யூஎஸ்ஆர் ஃபோல்டர், அதாவது சிஸ்டத்தின் புரோகிராம்கள் இருக்கும் இடம், முழுக்க அழிந்தது.

அதனால் கமென்ட்டைத் தனி வரியில் எழுதுங்கள். ஷெல்லுக்குப் போகும் பாதையைச் சுற்றி மேற்கோள் குறி போடுங்கள். ஸ்பேஸ் இருந்தாலும் பாதை இரண்டாக உடையாது. வரி முடிவில் வரும் பேக்ஸ்லாஷுக்குப் பின்னாலும் ஸ்பேஸ் இருக்கக் கூடாது, இருந்தால் அடுத்த வரி சேராது.

சந்தேகம் வந்தால் இன்ஃபோ ஃபங்ஷனுக்குள் சதுர அடைப்பு போட்டு நடுவில் டிர் மதிப்பை அச்சிடுங்கள். ஓட்டிக் காட்டுகிறேன். பார்த்தீர்களா, பில்டுக்கும் மூடும் அடைப்புக்கும் நடுவில் ஒரு இடைவெளி. அதைத்தான் இப்போது அழிக்கப் போகிறேன்.