நகரத்துக்கும் ஒரு வடிகால் கணக்கு உண்டு

(காட்சி: கல்லணையின் மதகுகள். அடுத்து, நடவு முடிந்த வயலிலிருந்து வடியும் நீர்.)

வணக்கம். தலைமடை வயலில் பாய்ந்து வடியும் நீர், வடிகாலில் இறங்கி, கீழே இன்னொரு வாய்க்காலில் சேர்ந்து, கடைமடைக்குப் பாசன நீராகிறது. ஒரு முறை பாய்ந்துவிட்டது என்பதற்காக காவிரி டெல்டாவின் உழவர் எவரும் தண்ணீரைக் கணக்கிலிருந்து நீக்குவதில்லை. ஆனால் அதே காவிரி நீரையும் அது ஊறிய நிலத்தடி நீரையும் நம்பி வாழும் தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை போன்ற நகரங்களில், குளியலறைத் தரையைத் தொட்டதுமே தண்ணீர் நம் கணக்கிலிருந்து போய்விடுகிறது.

(காட்சி: மேட்டூர் அணையின் நீர்மட்ட அளவுகோல்.)

1934இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). குறுவை நெல் சாகுபடிக்காக ஜூன் 12 அன்று அதைத் திறப்பது மரபு என்றாலும், எல்லா ஆண்டும் அது நடப்பதில்லை. காவிரி நடுவர் மன்றம் 2007இல் கர்நாடகத்தைத் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் 192 டி.எம்.சி. திறந்துவிடச் சொன்னது, உச்ச நீதிமன்றம் 2018இல் அதை 177.25 ஆகக் குறைத்தது. குறைந்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 பெங்களூரு மாநகரின் குடிநீர், வீட்டுத் தேவைக்காக. மீதி 10 டி.எம்.சி.க்குச் சொல்லப்பட்ட காரணம், டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பது. இந்த இரண்டாவது காரணத்தை நாம் போதிய அளவு பேசவில்லை என்பது என் கருத்து. நம் காலடியில் இருக்கும் நீர் நம் பங்கில் ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது. அப்படியிருக்க, நகரத்து ஆழ்குழாய்க் கிணறுகள் அதை இறைத்துச் சாக்கடையில் விட்டால், அதற்கு ஈடாக ஆற்றில் கூடுதல் நீர் வரப்போவதில்லை. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளிலோ, நன்னீர் வற்றும் இடத்தில் உப்புநீர் உள்ளே ஏறுகிறது.

(காட்சி: தஞ்சாவூர், சிவகங்கைக் குளம்.)

இறைத்ததைத் திருப்பி நிரப்பும் வழியைத் தஞ்சாவூர் முன்பே அறிந்திருந்தது. நகரின் மேற்கே செவ்வப்பநாயக்கன் ஏரியில் மழைநீர் தேங்கும். வண்டல் அங்கே படிந்தபின் தெளிந்த நீர் சிவகங்கைக் குளத்துக்கு வரும். அங்கிருந்து மண்ணுக்கடியில் பதித்த குழாய்களின் வழியே ஐயன்குளத்துக்கும் தெருக்களின் கிணறுகளுக்கும் செல்லும். ஜலசூத்திரம் என்பது இந்த அமைப்பின் பெயர். மோட்டார் இல்லை, நிலத்தின் சரிவு மட்டுமே வேலை செய்தது. கட்டடங்கள் பெருகியதில் இந்த வழிகள் அடைபட்டன. அண்மை ஆண்டுகளில் ஐயன்குளமும் அதன் நீர்வழியும் மீட்கப்பட்டது எனக்குப் பெரும் நம்பிக்கை தருகிறது. திருவாரூரிலும் கோயில் ஐந்து வேலி (பழைய நில அளவு) என்றால் குளமும் ஐந்து வேலி என்றுதானே ஊரை அமைத்தார்கள்!

ஏரி வெட்ட இடமில்லாத வீட்டுக்குக் கூரை இருக்கிறது. ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில், 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் விழுவது 1 லட்சம் லிட்டர். ஆவியாவதும் சிந்துவதும் போக 80,000 லிட்டர் கிடைப்பதாகக் கொள்வோம். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளுக்கு 135 லிட்டர் என்பது அரசின் அளவு. நால்வர் வாழும் வீட்டுக்கு 540 லிட்டர். அதன்படி, அந்த மாடி மழை ஏறக்குறைய 148 நாள் தேவைக்குச் சமம். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். ஆயினும் பல வீடுகளில் குழாய் மட்டும் இருக்கிறது, குழி தூர்ந்து கிடக்கிறது.

(காட்சி: சொட்டும் குழாயின் கீழ் ஒரு டம்ளர்.)

வீட்டுக்குள் ஒரு சோதனை செய்து பாருங்கள். சொட்டும் குழாயின் கீழ் வைத்த 200 மில்லி டம்ளர் பத்து நிமிடத்தில் நிறைந்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 29 லிட்டர் போகிறது. பழைய கழிப்பறைத் தொட்டி ஒரு முறைக்கு 10 லிட்டருக்கு மேல் இறக்கும். இரட்டைப் பொத்தான் தொட்டிக்கு 3 அல்லது 6 லிட்டர் போதும். ஆர்.ஓ. கருவி கழிக்கும் நீரில் உப்பு மிகுதி என்பதால், அதைச் செடிக்கு ஊற்றாமல் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். குளித்த நீரையும் துணி அலசிய நீரையும் கழிப்பறை நீரோடு கலக்காமல் தனிக் குழாயில் பிரித்தால், கொல்லையில் இருக்கும் வாழைக்கும் தென்னைக்கும் அதுவே பாய்ச்சல்.

நகரத்துக்கு வரும் நீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு கழிவுநீராக வெளியேறுகிறது. அது சுத்திகரிக்கப்படாமல் வாய்க்காலில் இறங்கினால், கீழே இருக்கும் விவசாயி அதைத்தான் வயலுக்குப் பாய்ச்சுகிறார், அவருடைய மாடு அதைத்தான் குடிக்கிறது. ஆகவே நகராட்சியிடம் புதிய குடிநீர்த் திட்டம் கேட்கும்போதெல்லாம், சுத்திகரிப்பு நிலையத்துக்கு எவ்வளவு நீர் வந்து சேர்கிறது, எந்த வடிகாலில் எந்தத் தரத்தில் விடப்படுகிறது என்ற கணக்கையும் நாம் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஐப்பசி அடைமழைக்கு இன்னும் நாள் இருக்கும்போதே, மொட்டை மாடியைக் கூட்டி, சேகரிப்புக் குழியின் மணலையும் சரளையையும் வெளியே எடுத்து அலசிப் போடுங்கள். முதல் மழை மாடியைக் கழுவி வெளியே போகட்டும். இரண்டாவது மழையிலிருந்து குழாயைக் குழிக்குத் திருப்பிவிடுங்கள்.