நெவாத்திமில் மலையாளப் பாட்டு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

யூதர்களின் தாயகமும் உலகெங்கும் உள்ள யூதச் சமூகங்களும் இனி எப்படிச் சேர்ந்து வாழப்போகின்றன? இதைப் பேச ஜெருசலேமை விட்டுவிட்டுக் கொச்சியிலிருந்து புறப்படுகிறேன்.

சுமார் 1000-ஆம் ஆண்டில் சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் செப்பேடு கொடுத்தான். எழுத்து வட்டெழுத்து. 'அஞ்சுவண்ணம்' என்ற வணிகக் குழு அவருக்கு உரிமையானது. கூடவே பகல்விளக்கு, பாவாடை (நடக்க விரிக்கும் துணி), குடை, வடுகப்பறை என்ற முரசு என்று 72 சிறப்புரிமைகள். அந்தச் சொற்களை நாமும் தடுமாறாமல் படித்துவிடலாம். 2017-இல் பிரதமர் மோடி இஸ்ரேல் போனபோது இந்தச் செப்பேடுகளின் பிரதியைத்தான் அந்நாட்டுப் பிரதமருக்குப் பரிசளித்தார்.

கொச்சி அரசர்கள் இந்த யூத மக்களை அரவணைத்தே வைத்திருந்தார்கள். அப்படியும் 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் கிளம்பிவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகத் தொழுகையில் சொல்லிவந்த மண்ணுக்குப் போகிறோம் என்ற ஆசைதான். அங்கே என்ன நடந்தது? யானைக்கால் நோய் பரவிவிடும் என்ற பயத்தில் இஸ்ரேல் அதிகாரிகள் இவர்களைச் சேர்க்கத் தயங்கினார்கள். அப்புறம் மருத்துவப் பரிசோதனை, காத்திருப்பு. உள்ளே விட்டதும் பலரைக் குடியேற்றியது புதிய விவசாயக் கிராமங்களில். நெகேவ் பாலைவனத்தில் நெவாத்திம் அப்படிப்பட்ட ஓர் ஊர். காயலும் தென்னையும் பார்த்துப் பழகியவர்கள் அந்த வறண்ட மண்ணில் பசுமைக்குடில் போட்டு ஐரோப்பாவுக்கு ரோஜா அனுப்பினார்கள். எனக்கு இதை நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது.

'வந்துவிடுங்கள்' என்று அழைப்பது சுலபம். வருபவர்கள் மூட்டையில் கொண்டுவருவதை மதிப்பதுதான் கடினம்.

இன்று உலகில் சுமார் ஒன்றரைக் கோடி யூதர்கள். ஏறக்குறைய பாதிப்பேர் இஸ்ரேலில், மீதியில் பெரும்பகுதி அமெரிக்காவில். 1950-லேயே இஸ்ரேலின் முதல் பிரதமர் பென்-குரியன், அமெரிக்க யூதத் தலைவர் ஜேக்கப் பிளவ்ஸ்டைனிடம், அமெரிக்க யூதர்களின் அரசியல் விசுவாசம் அமெரிக்காவுக்கு மட்டுமே என்று ஒப்புக்கொண்டார். நல்ல வார்த்தை. ஆனால் ஜெருசலேமில் யூதர்களின் புனிதத் தலமான மேற்குச் சுவரருகே ஆணும் பெண்ணும் சேர்ந்து தொழ ஓர் இடம் அமைக்க 2016-இல் எடுத்த முடிவை அடுத்த ஆண்டே இஸ்ரேல் அரசு கிடப்பில் போட்டது. அமெரிக்க யூதர்கள் பலர் இதில் புண்பட்டார்கள். பணம் கேட்கும்போது உறவு, தொழும் முறையைக் கேட்டால் அந்நியர் என்றால் எந்தக் குடும்பம் நிலைக்கும்?

சரி, கொச்சிக்கே திரும்புவோம். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் ஜெபாலயத்து உள்மரவேலைப்பாடு இப்போது ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அழகாகப் பாதுகாக்கிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் அதே மக்களில் பெண்கள் இன்னொன்றையும் எடுத்துப்போனார்கள்: கையால் மலையாளத்தில் எழுதிய பாட்டு நோட்டுகள். கல்யாணப் பாட்டு, மோசேயின் கதை, யோசேப்பின் கதை. ஆண்கள் முன்னிலையிலும் அவர்கள் கூச்சமின்றிப் பாடியவை. ஹீப்ரு பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு மலையாளம் நழுவியது. பிறகு ஆய்வாளர்கள் தேடிவந்து பாட்டிமார் வாயிலிருந்து பதிவு செய்தார்கள். இன்றும் இஸ்ரேலில் சில பெண்கள் கூடி அவற்றைப் பாடுகிறார்கள்.

அந்தப் பாட்டு நோட்டுகளை நெகேவின் பள்ளிக்கூடங்களில் யூத இலக்கியம் என்ற பெயரிலேயே பாடமாக வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. நன்றி, வணக்கம்.