சும்மா கெடக்கற அக்கவுண்ட்டுக்கும் பூட்டு வேணும்

வணக்கம் மக்களே! இன்னிக்கு நான் செம கடுப்புல இருக்கேன். "பாஸ்வேர்டை மாத்தணுமா?"ன்னு எனக்கு ஒரு மெயில். நான் கேக்கவே இல்லைங்க! அதுவும் எந்த அக்கவுண்ட்டுக்கு? என் சேனல் பேரை வேற யாரும் எடுத்துடக் கூடாதுன்னு, ஒரு போஸ்ட்கூட போடாம சும்மா புடிச்சு வெச்சிருக்கற ஒரு அக்கவுண்ட்டுக்கு.

"டெலீட் பண்ணிட வேண்டியதுதானே"ன்னு கமெண்ட்ல வருவீங்க. வராதீங்க. டெலீட் பண்ணா அப்புறம் அந்தப் பேரு வேற எவன் கைக்காவது போகலாம். 2014ல ட்விட்டர்ல 'N'னு ஒத்தை இங்கிலீஷ் எழுத்துப் பேரு வெச்சிருந்தவரு நவோகி ஹிரோஷிமா. அவரோட டொமைனை, அதாவது வெப்சைட் முகவரியைப் புடிச்சு வெச்சுக்கிட்டு, ட்விட்டர் பேரைக் குடுன்னு மெரட்டியே வாங்கிட்டான் ஒருத்தன். அப்புறம் திரும்பக் கெடச்சுது, அது வேற.

கவனிங்க, அவன் ட்விட்டரை ஒடைக்கல. பக்கத்து வாசல் வழியா வந்தான். நம்ம பக்கத்து வாசல் பழைய மெயில் ஐடி. யாஹூ 2013ல, 12 மாசம் தொடாத ஐடிகளைத் தூக்கி வேற ஆளுங்களுக்குக் குடுத்துச்சு. பழைய ஆளுக்கு வர வேண்டிய மெயில் புது ஆளுக்குப் போச்சு! அந்த மெயில்ல ரீசெட் லிங்க் வந்தா? முடிஞ்சுது கதை. அதனால மொதல்ல அந்த அக்கவுண்ட்ல இருந்த பழைய மெயிலை எடுத்துட்டு டெய்லி பாக்கற மெயிலைப் போட்டேன், விட்டுட்ட பழைய ஃபோன் நம்பரைத் தூக்கினேன்.

அடுத்து ஆத்தென்டிகேட்டர் ஆப், அதாவது லாகின் பண்ணும்போது பாஸ்வேர்டுக்கு மேல கேக்கற நம்பரைக் காட்டற ஆப். 30 செகண்டுக்கு ஒரு புது நம்பர், எனக்கு ரொம்பப் புடிக்கும். ஆனா அந்த ஆப் இல்லாமப் போனா உள்ள போறதுக்குக் குடுக்கற பேக்கப் கோடு இருக்கே... ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கேலரில போடறது எனக்கு ஆகவே ஆகாது, அதான் கையால எழுதினேன். இது சைபரா, 'ஓ'வா? இது ஒண்ணா, சின்ன 'எல்'லா? ஃபோனை ஜூம் பண்ணி, லைட்டுக்கு நேரா புடிச்சு, கடைசில காப்பி பண்ணி வேற ஃபான்ட்ல ஒட்டிப் பாத்தா... சைபர்! நடுவுல கோடு போட்ட சைபர்! கோடு போட்டு எழுதி பீரோல வெச்சாச்சு.

அய்யோ, ஒண்ணு விட்டுட்டேன். இதெல்லாம் பண்றதுக்கு முன்னாடி, அந்த மெயில்ல இருக்கற லிங்க்கைத் தொடாதீங்க. அதுவே போலியா இருக்கலாம். நேரா ஆப்புக்குள்ள போங்க. அப்படியே மாசத்துக்கு ஒருக்கா லாகின் பண்ண ரிமைண்டர் போட்டுடுங்க. ரொம்ப நாள் தொடலேன்னா கம்பெனிக்காரனே அக்கவுண்ட்டைத் தூக்கிடலாம்.

இன்னொண்ணு, செட்டிங்ஸ்ல 'கனெக்டட் ஆப்ஸ்' பாருங்க, உங்க அக்கவுண்ட்டுக்குள்ள வர நீங்க அனுமதி குடுத்த மத்த ஆப்களோட லிஸ்ட் அது. எந்தக் காலத்துலயோ வெளையாடின க்விஸ் ஆப், என் பேருல போஸ்ட் போடற பர்மிஷனோட ஜம்முனு உக்காந்திருந்துச்சு. ரிமூவ்! சரி, உங்க லிஸ்ட்ல என்ன இருந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க, பை!