கொஷ்ச்சூஷ்கோ: ஓர் அரிய போலிஷ் குடும்பப்பெயரைத் தேடி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பெயர். கொஷ்ச்சூஷ்கோ. ஆஸ்திரேலியப் பெருநிலத்திலேயே மிக உயரமான மலைக்கு, 2,228 மீட்டர் உயர மலைக்கு, இந்தப் பெயர்தான். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் இந்தப் பெயரில் ஓர் ஊர் இருக்கிறது. ஓப்ரா வின்ஃப்ரே பிறந்தது அங்கேதான். இந்தியானா மாநிலத்தில் ஒரு மாவட்டமே இருக்கிறது, அதன் தலைமை ஊருக்கு வார்சா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நியூயார்க்கில் புரூக்ளினையும் குயின்ஸையும் இணைக்கும் பாலமும் இதே பெயர்தான். போலந்துக்குள் போனால் கேட்கவே வேண்டாம், சின்ன ஊரில்கூட ஒரு கொஷ்ச்சூஷ்கோ தெரு இருக்கும். வரைபடம் முழுக்க இப்படிப் பரவிக் கிடக்கும் பெயரை மனிதர்களிடம் தேடினால் மிகக் கொஞ்சம் பேரிடம்தான் பார்க்க முடிகிறது. போலந்தின் அரிய குடும்பப்பெயர்களில் அதுவும் ஒன்று.

அந்தப் பெயரைப் புகழுக்குக் கொண்டுவந்தவர் ததேயூஷ் கொஷ்ச்சூஷ்கோ. 1746-இல் பிறந்தவர். அமெரிக்க விடுதலைப் போரில் சரட்டோகாவிலும் வெஸ்ட் பாயிண்டிலும் அரண்களைத் திட்டமிட்ட பொறியாளர். 1794-இல் கிராக்கோவ் நகரச் சதுக்கத்தில் உறுதிமொழி எடுத்து, ரஷ்யாவுக்கு எதிரான போலந்து எழுச்சிக்குத் தலைமை தாங்கியவர். அதே ஆண்டு மே மாதம் போவானியெத்ஸ் என்ற இடத்தில் அவர் வெளியிட்ட அறிக்கை, பண்ணை அடிமைகளாக இருந்த விவசாயிகளின் வேலைச்சுமையைக் குறைத்தது. 1817-இல் சுவிட்சர்லாந்தில் இறந்தார். அவருடைய வாழ்க்கை தனியாக ஒரு மாலை முழுக்கப் பேச வேண்டிய விஷயம். இன்று அவர் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போலிஷ் கொஞ்சம் தெரிந்தவர் இந்தப் பெயரைக் கேட்டதும் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். அந்த மொழியில் 'கோஷ்ச்ச்' என்றால் எலும்பு. 'கொஷ்ச்சூ' என்றால் தேவாலயம். பெயரின் முதல் பாதி காதில் அப்படியே தேவாலயமாக விழும். ஆக, தேவாலயத்துக்குப் பக்கத்தில் குடியிருந்த குடும்பம், அல்லது கோயில் ஊழியம் செய்த குடும்பம் என்று சொல்லிவிடலாம். கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அது தவறு. குடும்பப்பெயர்களின் பொருளைக் காதால் கேட்டுச் சொல்வது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லாத பழக்கம். ஒலி எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் விடும். ஆவணமும் ஊரும்தான் சரியான இடத்துக்குக் கொண்டுபோகும்.

சரி, ஆவணம் என்ன சொல்கிறது?

16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போலந்து அரசர் முதலாம் சிக்மண்டின் அரண்மனையில் ஓர் எழுத்தர் இருந்தார். கொன்ஸ்தாந்தி ஃபியோதரோவிச் என்று பெயர். ஃபியோதரின் மகன் கொன்ஸ்தாந்தி, அவ்வளவுதான். குடும்பப்பெயர் என்று எதுவும் இல்லை. நாம் போடும் இனிஷியல் மாதிரி, தகப்பன் பெயர் மகனோடு வரும், அடுத்த தலைமுறையில் மாறிவிடும். அவருக்கு 1509-இல் அரசர் ஒரு கிராமத்தைக் கொடுத்தார். ஷெஹ்நோவிச்சே என்ற அந்தக் கிராமம் இன்று பெலருஸ் நாட்டில், பிரெஸ்த் மாகாணத்தில், ஷாபின்கா என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கொன்ஸ்தாந்தி என்ற பெயருக்கு அந்தப் பகுதி மக்கள் வைத்திருந்த செல்லப்பெயர் கொஸ்த்யா. அதை இன்னும் குழைத்துக் கூப்பிட்டால் கொஸ்த்யூஷ்கோ. அரண்மனை எழுத்தராக இருந்தால் என்ன, ஊரில் அவர் கொஸ்த்யூஷ்கோதான். அவர் பிள்ளைகளை 'கொஸ்த்யூஷ்கோவிச்', அதாவது கொஸ்த்யூஷ்கோவின் பிள்ளைகள் என்று குறிப்பிட்டார்கள். ஷெஹ்நோவிச்சே கிராமத்துக்காரர்கள் என்பதால் 'ஷெஹ்நோவித்ஸ்கி' என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. பல தலைமுறைகளுக்கு இந்த இரண்டு பெயர்களும் ஒன்றாகவே ஓடின. பிற்காலத்திலும் குடும்பத்தின் முழுப்பெயர் கொஷ்ச்சூஷ்கோ-ஷெஹ்நோவித்ஸ்கி என்றுதான் எழுதப்பட்டது. காலப்போக்கில் ஊர்ப்பெயரும் பின்னுக்குப் போயிற்று, 'விச்' என்ற ஒட்டும் உதிர்ந்தது. ஒரு தாத்தாவின் செல்லப்பெயர் தனியாக நின்றுவிட்டது. கொன்ஸ்தாந்தி என்பதன் வேர் லத்தீன். உறுதியானவன், நிலைகுலையாதவன் என்று பொருள். எலும்புக்கும் தேவாலயத்துக்கும் இதில் பங்கே இல்லை.

இந்த வழக்கமே எனக்கு மிகவும் பிடித்தமானது. போலந்தின் பிரபுக்குலத்தார், ஷ்லாஹ்தா என்று சொல்வார்களே அவர்கள், பெரும்பாலும் தங்கள் ஊர்ப்பெயரோடு 'ஸ்கி' சேர்த்துக் குடும்பப்பெயர் ஆக்கிக்கொண்டவர்கள். அதனாலேயே 'ஸ்கி' என்றால் கௌரவம் என்ற எண்ணம் அங்கே ஊறிப்போயிருக்கிறது. இந்தக் குடும்பத்துக்கும் 'ஸ்கி' கையில் இருந்தது. ஆனாலும் நிலைத்தது செல்லப்பெயர்தான்.

இன்னொரு கேள்வி இருக்கிறது. 'கொஸ்த்யூஷ்கோ' எப்படி 'கொஷ்ச்சூஷ்கோ' ஆயிற்று? இதற்கு அந்த நிலத்தின் வரலாறு வேண்டும். ஷெஹ்நோவிச்சே அன்று லித்துவேனியக் கோமகனின் ஆட்சிப்பகுதியில் இருந்தது. ஆட்சிக்குப் பெயர் லித்துவேனியா, ஆனால் அங்கே அரசு ஆவணங்கள் எழுதப்பட்டது ருத்தேனிய மொழியில். இன்றைய பெலருஸ், உக்ரைன் மொழிகளுக்கு முன்னோடி அது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை அந்த நிலை இருந்தது. அதற்கு முன்பே பிரபுக்குலத்தார் மெல்ல மெல்லப் போலிஷ் பேசத் தொடங்கியிருந்தார்கள். ருத்தேனிய மொழியின் மெல்லிய 'த்ய' போலிஷ் வாயில் 'ச்ச' ஆகும். அதற்கு முன்னால் நிற்கும் 'ஸ்' அதன் தொடர்ச்சியாக 'ஷ்' ஆகும். கொஸ்த்யூ என்பது கொஷ்ச்சூ ஆகிவிட்டது. யாரும் உட்கார்ந்து பெயரை மாற்றவில்லை. குடும்பம் மொழி மாறியது, பெயரும் கூடவே மாறியது.

அதனால்தான் இந்த மனிதரை இன்று போலந்து, பெலருஸ், லித்துவேனியா மூன்றுமே தங்களவர் என்கின்றன. அவர் பிறந்த மெரெச்சோவ்ஷ்ச்சிஸ்னா பண்ணை வீடு பெலருஸில்தான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் 1942-இல் எரிந்துபோன அந்த வீட்டை 2004-இல் திரும்பக் கட்டினார்கள். இந்த உரிமைப் போட்டியில் ஒரு பக்கம் மட்டும் சரி என்று நான் நினைக்கவில்லை. பெயரின் வேரிலேயே இரண்டு மொழிகள் இருக்கும்போது, அதை ஒரு நாட்டுக்குள் அடைப்பது பெயருக்கே செய்யும் அநியாயம்.

கடைசியில் வரும் 'கோ'வைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'கோ' என்று முடிந்தால் கிழக்குப் பகுதிப் பெயர் என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் 1794 எழுச்சியின்போது ராத்ஸ்வாவித்ஸே போர்க்களத்தில் ததேயூஷ் பெற்ற வெற்றியை 1888-இல் மாபெரும் ஓவியமாகத் தீட்டிய யான் மதேய்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதே 'கோ'. ஆனால் அவருடைய தந்தை செக் நாட்டுக்காரர். கிழக்குக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பு இல்லை. முடிவு எழுத்தை மட்டும் பார்த்து ஊர் சொல்லக் கூடாது.

அப்புறம் எண்ணிக்கை. போலந்தில் மிகப் பரவலான குடும்பப்பெயர் நோவாக். புதிதாக வந்தவன் என்று பொருள். சுமார் 2 லட்சம் பேருக்கு அந்தப் பெயர். அடுத்து கோவால்ஸ்கி, கொல்லன் என்ற சொல்லிலிருந்து வந்தது. அது சுமார் 1,40,000 பேர். இந்த வரிசையில் கொஷ்ச்சூஷ்கோவைத் தேட வேண்டுமென்றால் கீழே, வெகு கீழே இறங்க வேண்டும்.

இந்தக் கணக்குகள் எங்கிருந்து வருகின்றன? 'பெசெல்' என்ற குடிமக்கள் பதிவேட்டிலிருந்து. 1990-களின் தொடக்கத்தில் கிராக்கோவைச் சேர்ந்த மொழியறிஞர் காசிமியேஷ் ரிமூத் அந்தப் பதிவேட்டை வைத்து, இன்றைய போலந்தில் வழங்கும் குடும்பப்பெயர்களுக்குப் பத்துத் தொகுதிகளில் ஓர் அகராதி தந்தார். ஒவ்வொரு பெயரும் அன்றிருந்த 49 மாகாணங்களில் எங்கெங்கே எத்தனை பேருக்கு என்று அதில் இருக்கும். 1992 முதல் 1994 வரை வெளிவந்த அந்தத் தொகுதிகள் இல்லாமல் போலிஷ் பெயராய்வை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இப்போது அரசே பட்டியல்களை வெளியிடுகிறது, ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி.

ஏன் தனித்தனி? கோவால்ஸ்கியின் மனைவியும் மகளும் கோவால்ஸ்கா. ஒரே குடும்பம், இரண்டு வடிவம். கொஷ்ச்சூஷ்கோவில் இந்தச் சிக்கல் இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் பெயர் ஒன்றேதான், இரண்டு பட்டியலையும் கூட்டினால் போதும். ஆனால் வேறு சிக்கல் இருக்கிறது. பழைய ஏடுகளில் தேடுபவரை அது நிஜமாகவே தவிக்க வைக்கும். போலிஷில் குடும்பப்பெயர்களும் வேற்றுமை ஏற்கும். ஓர் ஆணைக் குறிக்கும்போது ஆறாம் வேற்றுமையில் அவர் கொஷ்ச்சூஷ்கி. இரண்டாம் வேற்றுமையில் கொஷ்ச்சூஷ்கெ. மூன்றாம் வேற்றுமையில் கொஷ்ச்சூஷ்கோன். தெருப்பலகைகளில் நீங்கள் பார்ப்பதெல்லாம் 'கொஷ்ச்சூஷ்கி' என்ற வடிவம்தான். பெண்ணைக் குறித்தால் பெயர் அசையவே அசையாது, எல்லா வேற்றுமையிலும் அப்படியே நிற்கும். இது தெரியாமல் ஒரு திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டினால் ஒரே ஆளை நான்கு பேராக எண்ணிவிடலாம்.

அதோடு போகவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தைப் பங்குபோட்டுக்கொண்டன. ரஷ்யாவின் பிடியில் இருந்த போலந்து இராச்சியம் என்ற பகுதியில் 1868 முதல் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் ரஷ்ய எழுத்தில்தான். அங்கே எழுதும்போது பெயர் மறுபடியும் 'கொஸ்த்யூஷ்கோ' ஆகிவிடும். அது ருத்தேனியப் பழைய வடிவமா, போலிஷ் வடிவத்தின் ரஷ்ய எழுத்தா என்று பிரித்தறிய அந்தக் குடும்பத்தின் மற்ற ஏடுகளையும் பார்க்க வேண்டும். வெளிநாடு போனவர்கள் கதை வேறு. அமெரிக்க ஊர்ப்பெயரில் நடுவிலிருந்த 'இசட்' எழுத்து காணாமல் போயிற்று. ஆஸ்திரேலிய மலைக்கு 1840-இல் பெயர் வைத்தவர் பவேல் ஸ்ட்ஷெலெத்ஸ்கி என்ற போலந்துக்காரர். கிராக்கோவில் கொஷ்ச்சூஷ்கோவுக்காக மக்கள் எழுப்பிய மண்மேட்டை அந்தச் சிகரம் அவருக்கு நினைவூட்டியது. அங்கேயும் அந்த எழுத்து விடுபட்டு, 1997-இல்தான் அதிகாரபூர்வமாகத் திரும்ப வந்தது.

பெயர் ஏன் அரிதாயிற்று? வேர் அரிதல்ல. அதே கொஸ்த்யாவிலிருந்து கொஸ்த்யூக், கொஸ்தென்கோ என்று ஏராளமான பெயர்கள் உக்ரைன் பக்கம் உண்டு. இந்தக் குறிப்பிட்ட வடிவம் மட்டும்தான் அரிது. செல்லப்பெயர் ஒட்டு எதுவும் சேராமல் அப்படியே நிலைக்க வேண்டும், பிறகு அந்தக் குடும்பம் போலிஷ் ஒலிக்கு மாற வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுசேர்ந்த இடங்கள் குறைவு. அந்த இடங்களும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. பெலருஸில் அதே வேரோடு வாழ்பவர்கள் போலந்துப் பதிவேட்டில் வர மாட்டார்கள். எண்ணிக்கையைப் பார்த்து முடிவு சொல்லும் முன் இந்த எல்லை மாற்றத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெயர் அரிது என்றால் எல்லோரும் ஒரே குடும்பம் என்று ஆகாது. கொன்ஸ்தாந்தி என்ற பெயர் கிழக்குத் திருச்சபையினரிடம் பரவலாக இருந்த பெயர். எத்தனையோ கிராமங்களில் எத்தனையோ கொஸ்த்யூஷ்கோக்கள் இருந்திருப்பார்கள். 1509-இல் நிலம் பெற்றவர் அவர்களில் ஒருவர். ததேயூஷின் நேரடி வாரிசு என்று இன்று யாராவது சொன்னால் அதற்கு வாய்ப்பே இல்லை. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளைகளும் இல்லை.

இது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன விஷயம். 1798-இல் அமெரிக்காவை விட்டுப் புறப்படும்போது ததேயூஷ் ஓர் உயில் எழுதினார். அங்கே தனக்கு வரவேண்டிய பணத்தைக் கொண்டு கறுப்பின அடிமைகளை விலைக்கு வாங்கி விடுவிக்க வேண்டும், அவர்களுக்குக் கல்வி தர வேண்டும் என்று நண்பர் தாமஸ் ஜெஃபர்சனிடம் பொறுப்பை ஒப்படைத்தார். ததேயூஷ் இறந்த பிறகு ஜெஃபர்சன் அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை. அந்த உயில் நிறைவேறாமல் போனது எனக்கு இன்றும் மனம் ஆறாத செய்தி. பிற்காலத்தில் ஐரோப்பாவில் அவர் எழுதிய உயில்களும் குறுக்கே வந்தன. 1816-இல் எழுதிய ஒன்று முந்தைய உயில்களை ரத்துசெய்கிறது என்று நீதிமன்றம் 1852-இல் முடிவு சொன்னது. பணம் இரத்த உறவுகளுக்குப் போயிற்று.

அந்த உறவுகள் யார்? அவருடைய சகோதரிகளின் வழிவந்தவர்கள். எஸ்த்கோ என்று பெயர் கொண்டவர்கள் அவர்களில் உண்டு. கொஷ்ச்சூஷ்கோ என்ற பெயர் அவர்களிடம் இல்லை. நீதிமன்றம் பார்த்தது குரோட்னோ பகுதியின் பிரபுக்குலப் பதிவுகளை, யாருக்கு யார் என்ன முறை என்பதற்கான எழுத்துச் சான்றை. இதே பெயர் கொண்ட வேறு எவராவது வந்து கேட்டிருந்தாலும் அவருக்கு ஒரு காசு கிடைத்திருக்காது.

உங்களில் யாராவது இதுபோன்ற ஒரு பெயரைத் தேடப் புறப்பட்டால், முதலில் குடும்பம் கடைசியாக இருந்த ஊரையும், அது சேர்ந்திருந்த தேவாலயப் பங்கையும் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். பெயரின் எழுத்து மாறும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, அந்த ஏடு எந்த மொழியில், யார் ஆட்சியில் எழுதப்பட்டது என்று பாருங்கள். பொருள் என்ன என்ற கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. கேள்விகள் இருந்தால் தாராளமாகக் கேளுங்கள்.